பழைய பாஸ்கல் கணக்குக் கோப்பைச் சுருக்க

குமுளி, கம்பம் பக்கம் ஏலக்காய்க் கணக்கு இன்னும் டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரல்மொழியில் ஓடுகிறதென்றால், கோப்பில் பாதி வெற்றிடமாகத்தான் இருக்கும். அதைச் சுருக்க ஹஃப்மேன் மாதிரி சிக்கலான முறையெல்லாம் வேண்டாம். ஒரே எழுத்து தொடர்ந்து வந்தால் அதை எண்ணிக்கையாகச் சுருக்கும் ரன் லென்த் முறையே போதும்.

40 பைட் ஊர்ப் புலத்தில் ஆங்கில எழுத்தில் 'குமுளி' 6 பைட், மீதி 34 வெற்றிடம். அடையாள பைட் (இங்கே சுருக்கியிருக்கிறது என்று காட்டும் குறி), எண்ணிக்கை, எழுத்து என 34-ஐ 3 ஆக்கினால் மொத்தம் 9. ஒரே எழுத்து தொடர்ந்து 4 முறைக்குக் குறைவாக வந்தால் அப்படியே எழுதுங்கள். தரவிலேயே அடையாள பைட் வந்தால், ஒருமுறை வந்தாலும் மூன்று பைட்டாகவே எழுத வேண்டும். இல்லாவிட்டால் விரிக்கும்போது குளறுபடிதான்.

எண்ணிக்கை பைட் வகை என்பதால் 255-இல் நிறுத்தி எழுதிவிடுங்கள். மேலே போனால் 0 ஆகிவிடும். கோப்பை டெக்ஸ்ட் வகையாகத் திறக்காதீர்கள், 26-ஆம் குறியைக் கண்டதும் கோப்பு முடிந்ததென்று நின்றுவிடும். வகையற்ற கோப்பாக (வெறும் பைட்டுகளாக) திறந்து, படிக்கத் திறக்கும் ரீசெட், எழுதத் திறக்கும் ரீரைட் இரண்டிலும் பதிவின் அளவு 1 பைட் என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் 128 என்றே எடுத்துக்கொள்ளும், வால் பகுதி அறுபடும்.

லூப் முடிந்தபின் எண்ணிக்கொண்டிருந்த கடைசி எழுத்து வரிசையை எழுதினீர்களா? பெரும்பாலும் இதுதான் விட்டுப்போகும்.