இரட்டை விண்மீனின் 26.5 நாள் காமா சுழற்சியை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

சில இரட்டை விண்மீன்களில் காமா கதிர் ஒரே சீராக வராது, அதன் துணை சுற்றிவரும்போது கூடவும் குறையவும் செய்யும். இதைப் பார்க்கப் பெரிய ஆய்வகமெல்லாம் வேண்டாம். நாசாவின் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி 2008 ஆகஸ்டிலிருந்து சேர்த்த தரவு எல்லோருக்கும் இலவசம், அலசுவதற்கான ஃபெர்மிடூல்ஸ் மென்பொருளும் அப்படியே.

முதலில் எல்எஸ் ஐ +61 303 என்ற இரட்டை விண்மீனை எடுங்கள். பளிச்சென்று தெரியும், சுற்றுக்காலம் 26.496 நாள், ஒரு வருடத் தரவிலேயே 13 சுற்றுக்கு மேல் கிடைத்துவிடும். பிஎஸ்ஆர் பி1259-63 என்ற இன்னொரு இரட்டை இன்னும் சுவாரசியமானதுதான், ஆனால் அது ஒரு சுற்று முடிக்கவே 3.4 ஆண்டு ஆகும்.

ஃபெர்மியின் தரவுப் பக்கத்தில், வானில் அதன் இடத்தைச் சொல்லும் எண்களாக வல ஏற்றம் 40.13, நடுவரை விலக்கம் +61.23 டிகிரி என்று கொடுத்து, 100 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (ஆற்றல் அலகு) ஆற்றலுக்கு மேற்பட்ட ஃபோட்டான்களையும் (ஒளித்துகள்கள்), தொலைநோக்கி எப்போது எங்கே பார்த்தது என்று சொல்லும் விண்கலக் கோப்பையும் இறக்குங்கள். அதில் 1 டிகிரி ஆரத்துக்குள் வருவதை மட்டும் வைத்துக்கொண்டு, உச்சிக்கோணம் (விண்கலத்துக்கு நேர் மேலே உள்ள திசையிலிருந்து சாயும் கோணம்) 90 டிகிரியைத் தாண்டியதைத் தள்ளிவிடுங்கள். பூமியின் வளிமண்டலமே காமா கதிர் வீசும், அது உள்ளே வந்தால் எல்லாம் கெட்டுவிடும். அப்புறம் ஒரு நாளுக்கு ஒரு புள்ளியாக எண்ணிக்கையைப் பிரியுங்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம். எண்ணிக்கையை அப்படியே வரையாதீர்கள், ஒவ்வொரு நாளும் தொலைநோக்கி அந்தத் திசையை எவ்வளவு பார்த்தது என்ற எக்ஸ்போஷரால் வகுத்தே தீர வேண்டும். ஃபெர்மி பூமியைச் சுற்றும் பாதையின் தளம் 53.4 நாளுக்கு ஒருமுறை முழுதாகத் திரும்பிவருகிறது, அதில் பாதி 26.7 நாள், நாம் தேடுவதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்! வகுக்காமல் விட்டால் விண்கலத்தின் சுழற்சியை விண்மீனுடையது என்று நினைத்துவிடுவீர்கள். வகுத்த பிறகும் பால்வீதியின் பின்னணி ஒளி கலந்தே இருக்கும், அதனால் வளைவின் வடிவத்தை நம்புங்கள், அளவை நம்பாதீர்கள்.

அடுத்து மடிப்பு, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது. ஃபெர்மியின் நேரம் 2001 ஜனவரி 1-லிருந்து எண்ணும் நொடிகள். அதை 86400-ஆல் வகுத்து 51910 கூட்டினால் திருத்திய ஜூலியன் நாள், அதாவது வானியலாளர்கள் தொடர்ச்சியாக எண்ணும் நாள் கணக்கு. அதிலிருந்து, சுற்றின் தொடக்கமாக வைத்திருக்கும் நாளான 43366.275-ஐக் கழித்து, 26.496-ஆல் வகுத்து, தசமப் பகுதியை மட்டும் எடுங்கள், அதுதான் கட்டம், சுற்றில் எவ்வளவு பகுதி முடிந்தது என்று சொல்லும் 0 முதல் 1 வரையான எண். சூரிய மண்டல மையத்துக்கு நேரத்தை மாற்றும் திருத்தம் இங்கே தேவையில்லை, எட்டு நிமிடச் சொச்சம் 26 நாளில் ஒன்றுமேயில்லை. வேகமாகச் சுழன்று துடிக்கும் விண்மீனான பல்சரின் சுழற்சியைத் தேடினால் மட்டும் கட்டாயம்.

2008-09 தரவை 10 பிரிவுகளாக மடித்தால், விண்மீனும் துணையும் நெருங்கும் 0.23-0.28 கட்டத்தைத் தாண்டியதும் மேடு தெரியும். ஆனால் டெரா எலெக்ட்ரான் வோல்ட் (மெகாவைப் போலப் பத்து லட்சம் மடங்கு) ஆற்றலில் தரைத் தொலைநோக்கிகள் பார்த்த உச்சம் பெரும்பாலும் இரண்டும் விலகியிருக்கும் பக்கம்தான். நெருக்கத்தில் விண்மீனின் ஒளி அடர்த்தி அதிகம். அவ்வளவு ஆற்றல் கொண்ட காமா அந்த ஒளியோடு மோதி எலெக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாக மாறிவிடும் என்பது ஒரு காரணம். நம் ஃபோட்டான்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அளவு ஆற்றல் கிடையாது, தப்பி வந்துவிடும்.

எல்லா வருடத்தையும் சேர்த்து மடித்துவிடாதீர்கள். 2009 மார்ச்சுக்குப் பிறகு மேடு மங்கியது, இதற்குமேல் சுமார் 1667 நாள் நீளமான இன்னொரு சுழற்சியும் உண்டு. 2018 மார்ச்சில் ஃபெர்மியின் சூரியத் தகடு ஒன்று சிக்கிக்கொண்டதில் வானத்தைப் பார்க்கும் முறையும் மாறியது, ஆகவே அதற்கு முந்தைய தரவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு ஆறு மாதமாகத் துண்டுபோட்டுத் தனித்தனியே மடித்து, கட்டம் 0.5-இலிருந்து 1 வரையுள்ள பகுதி துண்டுக்குத் துண்டு எப்படி உயர்ந்து தாழ்கிறது என்று ஒப்பிடுங்கள்.