நானோ இழையில் ஒட்டிக்கொண்ட 50 ஹெர்ட்ஸ்

சிலிக்கான் நைட்ரைடு நானோ இழையின் அதிர்வை அளந்தால், அதிர்வெண் வரைபடத்தில் நடு உச்சத்துக்கு இருபுறமும் சரியாக 50 ஹெர்ட்ஸ் தள்ளிக் குட்டி உச்சங்கள். இழைக்குப் பக்கத்தில் உள்ள மின்முனைதான் கேட். அதன் மின்னழுத்தத்தில் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கலந்தால் இழையின் இழுவிசை மாறும், அதிர்வெண்ணும் கூடவே ஆடும்.

கேட் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டேன், 0.16 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை அது அமுக்கும். உச்சங்கள் குட்டையாயின, போகவில்லை. வேக்குவம் பம்பை அணைத்தேன், அப்படியே இருந்தன. அப்புறம் பிளக்கையே பிடுங்கியதும் காணோம்! பம்புக்கு ஒரு எர்த், சிக்னலை அளக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொன்று. நடுவே உலோகக் குழாய் இரண்டு எர்த்தையும் ஒரு சுற்றாக இணைத்திருந்தது, அதில் ஓடிய 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான் இரைச்சலாக வந்தது. குழாய் இணைப்பில் இருந்த உலோக வளையம், கிளாம்ப் இரண்டையும் பிளாஸ்டிக்குக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. பம்பின் எர்த் வயரை வெட்டச் சொல்பவர்களும் உண்டு. ஷாக் அடிக்கும், வேண்டாம்.