வறண்ட கிணற்றில் உருளை சுழலும் ஓசை: நெல்லை மண்ணுக்கு ஒரு வானொலித் திகில் நாடகம் அமைக்கும் முறை

ஒலியை மட்டுமே நம்பித் திகில் நாடகம் செய்ய முனையும் இளைஞர்கள் பலரும் முதல் வேலையாக இணையத்திலிருந்து ஆந்தையின் அலறலையும் ஓநாயின் ஊளையையும் இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். நாங்குநேரியிலோ இராதாபுரத்திலோ வாழ்கிற ஒருவர் ஓநாயின் ஊளையை வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார். அவருக்கு அது வெறும் சத்தம். அவர் வீட்டுப் புழக்கடையில் தினமும் கேட்ட ஓர் ஓசை, கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டால்தான் அவர் உடம்பு சிலிர்க்கும். தொடக்க கால வானொலித் திகில் தொடர்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

அந்தத் தொடர்களைச் செய்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அமெரிக்காவில் 1941 முதல் 1952 வரை ஒலித்த ‘இன்னர் சாங்டம்’ தொடர், கீல் முனகக் கதவு ஒன்று மெல்லத் திறக்கும் ஓசையோடு தொடங்கும். எல்லார் வீட்டிலும் உள்ள கதவுதான் அது. 1943 மே 25 அன்று ‘சஸ்பென்ஸ்’ தொடரில் ஒலிபரப்பான புகழ்பெற்ற நாடகத்தில், படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பெண் தொலைபேசி இணைப்பு மாறிப்போனதால் ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். லூசில் ஃபிளெட்சர் எழுதி ஆக்னஸ் மூர்ஹெட் நடித்த அந்த அரை மணி நேர நாடகம், தொலைபேசியின் ஓசைகளையும் ஒரு பெண்ணின் குரலையும் கொண்டே நம்மை உறைய வைக்கிறது.

ஆகவே, கதையை எழுதுவதற்கு முன்பு ஓர் ஓசையைத் தேர்ந்தெடுங்கள். நான் தேர்ந்தெடுத்தது கிணற்று உருளை. தண்ணீர் வற்றிப் பல ஆண்டுகளான கிணற்றில், நள்ளிரவில் யாரோ நீர் இறைப்பதுபோல உருளை முனகுகிறது. கயிறு இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் வாளி தண்ணீரில் விழும் ஓசை கேட்கிறது. இவ்வளவுதான் கதையின் வித்து. பேய் என்ற சொல்லை இதில் எங்கும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்ததாக, பாத்திரங்களும் கண்ணால் பார்க்க முடியாத சூழலை அமைத்துக்கொள்ளுங்கள். 1924 ஜனவரி 15 அன்று பிபிசி ஒலிபரப்பிய, ரிச்சர்ட் ஹியூஸ் வானொலிக்கென்றே எழுதிய ‘டேஞ்சர்’ நாடகம், விளக்கு அணைந்துபோன நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நிகழ்கிறது. கேட்பவர் இருக்கும் இருட்டிலேயே பாத்திரங்களும் இருப்பதால், அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வதும் தடவித் தடவி நகர்வதும் இயல்பாக அமைந்துவிடுகின்றன. நமக்குச் சுரங்கம் தேவையில்லை. மின்சாரம் போன ஒரு வீடும் அமாவாசை இரவும் போதும்.

இனி ஓசைகளை உண்டாக்கும் வேலைக்கு வருவோம். இதில்தான் மிகுந்த பொறுமை வேண்டும். நாடகத்தில் பனங்காட்டுக் காற்று வர வேண்டும் என்பதற்காக, நான் முதன்முறை உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டுக்கே இரவில் போய் ஒரு மணி நேரம் பதிவு செய்து வந்தேன். வீட்டில் போட்டுக் கேட்டபோது அது ஒரே இரைச்சலாக, கொட்டும் மழையைப் போல இருந்தது. கேட்ட என் தம்பியும் மழை என்றேதான் சொன்னான். பிறகு ஒரே ஒரு காவோலையை வீட்டுக்குள் கொண்டுவந்து, கைப்பேசிக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, அதன் காய்ந்த நுனிகளை விரல்களால் மெதுவாக ஒன்றோடொன்று உரசினேன். ஓலைகள் பேசிக்கொள்வதுபோன்ற அந்தச் சரசரப்பு அப்போதுதான் கிடைத்தது. காதுக்கு உண்மையாகப் படுகிற ஓசை, பெரும்பாலும் வேறோர் இடத்தில், வேறொரு பொருளிலிருந்துதான் பிறக்கிறது. சிகாகோவில் 1934இல் விலிஸ் கூப்பர் தொடங்கிப் பின்னர் ஆர்ச் ஒபோலர் எழுதிய ‘லைட்ஸ் அவுட்’ தொடரில், மின்சாரம் பாய்ந்து ஒருவன் சாகும் ஓசைக்கு வாணலியில் பன்றி இறைச்சியைப் பொரித்தார்கள். தலை வெட்டுப்படும் ஓசைக்கு முட்டைக்கோஸை வெட்டினார்கள்.

கிணற்று உருளைக்கு, துருப்பிடித்த பழைய இரும்பு உருளையைச் சன்னல் கம்பியில் கட்டித் தென்னங்கயிற்றை அதில் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் இழுத்தால் அது இயந்திரம்போல ஒலிக்கும். ஓர் ஆள் இழுப்பதுபோல, ஒவ்வொரு கைக்கும் நடுவே மூச்சுவிடும் இடைவெளி வேண்டும். இறைப்பவரின் மூச்சு மட்டும் கேட்கக்கூடாது. ஆழம் வேண்டுமென்றால், வெறும் அண்டாவுக்குள் கைப்பேசியை வைத்துவிட்டு அதன் வாயருகே ஓசை எழுப்புங்கள். வாளி விழும் ஓசைக்கு, பாதி நீர் நிறைந்த குடத்தில் ஒரு சொம்பைச் சாய்த்து மெல்ல அமிழ்த்தினால், நீர் உள்ளே புகும் ‘குளுக்’ என்ற ஓசையே போதுமானது.

கதைசொல்லி ஒருவர் கட்டாயம் வேண்டும். 1931இல் தொடங்கிய ‘தி விட்சஸ் டேல்’ தொடரில் கிழட்டுச் சூனியக்காரி ஒருத்தி கதை சொன்னாள். 1930இல் ஒரு துப்பறியும் நிகழ்ச்சியை அறிவிக்க வந்த ‘ஷாடோ’ என்ற குரல், கதைகளைவிட அதிகமாக மக்களைப் பிடித்துக்கொண்டதால், அந்தப் பெயரிலேயே அடுத்த ஆண்டு ஓர் இதழ் வெளிவந்தது. நமக்கோ கொடை விழாக்களில் சுடலைமாடன் கதையை விடிய விடியப் பாடும் வில்லுப்பாட்டுப் புலவர் இருக்கிறார். அவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்திலிருப்பவர் ‘ஆமா’ போடுவார் அல்லவா? அந்த ‘ஆமா’வை நாடகத்தில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பாதி நாடகம் போனபின், புலவர் ஒரு வரியை முடிக்கும் இடத்தில் ‘ஆமா’ வராமல் போகட்டும். நான் அறிந்த எந்தப் பின்னணி இசையும் அந்த வெற்றிடத்துக்கு ஈடாகாது.

கதைசொல்லியின் மொழி எழுத்து நடையில் இருக்கலாம்; பாத்திரங்கள் ஊர்ப்பேச்சையே பேச வேண்டும். ‘‘அண்ணாச்சி, அந்தக் கெணத்துல தண்ணி கெடக்கா?’’ என்று வெளியூரிலிருந்து வந்தவன் கேட்க, ‘‘அது வத்தி எட்டு வருசமாச்சுல்லா’’ என்று பெரியவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் குரலில் அச்சம் வந்துவிட்டால் கேட்பவருக்கு மிச்சம் ஒன்றும் இராது.

பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சுவர் எதிரொலியை அடக்கக் கம்பளியும் கனத்த ஜமுக்காளமும் உதவும். பத்தமடைப் பாய் மெல்லியதாகையால் இதற்குப் பயன்படாது. கைப்பேசியை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால், பகர எழுத்துகள் வெடிக்காமல் பதிவாகும்.

தொடராகச் செய்வதானால், நாளுக்குப் பதினைந்து நிமிடம் நல்ல அளவு. 1939இல் ‘ஐ லவ் எ மிஸ்டரி’ தொடர் அப்படித்தான் வாரத்தில் ஐந்து நாள் வந்தது. ஒவ்வொரு பகுதியையும் கேள்வியில் முடிக்காமல் ஓசையில் முடியுங்கள்: முதல் நாள் உருளையின் முனகலோடு நிற்கட்டும், இரண்டாம் நாள் கயிறு தரையைத் தொட வேண்டிய ஆழத்தைத் தாண்டியும் இறங்கிக்கொண்டே போகும்போது நிற்கட்டும்.

முடித்ததும், அதை முதலில் வீட்டிலுள்ள ஆச்சிக்கு, விளக்கணைத்துப் போட்டுக் காட்டுங்கள். வெற்றிலை இடித்துக்கொண்டே அவர் கேட்கும்போது, உரலின் ஓசை எந்தெந்த நிமிடங்களில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாளி தண்ணீரில் விழும் இடத்திலும் இடிப்பது நிற்கவில்லையென்றால், அதற்கு முந்தைய உரையாடலை வெட்டிச் சுருக்கிவிட்டு, மறுநாள் இரவு இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கள்.