மாவுக்கட்டு பிரித்தாயிற்று, இனி சைக்கிள்? எலும்பு முறிவுக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலும்பு முறிந்து படுத்திருக்கும் சைக்கிள் பிரியர் மருத்துவரிடம் முதலில் கேட்பது, "மறுபடி எப்போது ஓட்டலாம்?" என்பதைத்தான். கேட்பதில் தவறில்லை. அதற்கு ஒரே ஒரு தேதியை எதிர்பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உண்மையில் தேதிகள் இரண்டு. அறைக்குள் அசையாமல் நிற்கும் சைக்கிளில் பெடலை மிதிக்கத் தொடங்கும் நாள் ஒன்று, சாலையில் இறங்கும் நாள் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் பல வாரங்கள் இருக்கலாம், மாதங்களும் ஆகலாம். லேசாகப் பெடல் மிதிப்பது பெரும்பாலான முறிவுகளுக்குப் பெரிய சுமை இல்லை. மறுபடி விழுவதுதான் ஆபத்து. பாதி கூடிய எலும்பு மெதுவான மிதியைத் தாங்கிவிடும். விழுந்தால் தாங்காது. கீழே சொல்லும் தவறுகளில் பலவும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

கட்டைப் பிரித்த நாளே எலும்பு கூடிய நாள் என்று நினைப்பது

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது, வீக்கம் வருகிறது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் நாரும் குருத்தெலும்பும் கலந்த மென்மையான ஓர் இணைப்பு இரண்டு முனைகளையும் சேர்க்கிறது. பிறகு அதில் தாதுக்கள் படிந்து கெட்டிப்படுகிறது. எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைச் சுற்றி மேகம் போலத் தெரிவது இதுதான். இதற்கும் பிறகு, தேவைக்கு அதிகமாக வளர்ந்ததைக் கரைத்து, வேண்டிய இடத்தில் வலுப்படுத்தும் சீரமைப்பு வேலை மாதக்கணக்கில் நடக்கிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீளும். மாவுக்கட்டைப் பிரிப்பது இந்தப் பயணத்தின் நடுவில் ஓரிடத்தில். அதன் பொருள் "இனி வெளியிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை" என்பதே தவிர, "பழைய வலு திரும்பிவிட்டது" என்பதல்ல.

பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கால அளவு இது: மணிக்கட்டு முறிவுக்குச் சுமார் 6 வாரம் கட்டு, காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே, மார்புக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள எலும்பு) கூடுவதற்கு 6 முதல் 12 வாரம், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பான டிபியாவுக்கு 4 முதல் 6 மாதம் வரை. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், முறிவின் தன்மை எல்லாம் இதை நீட்டிக்கும். குழந்தைகளுக்குச் சீக்கிரம் கூடும்.

"இப்போது வலியே இல்லை" என்பதும் போதுமான சான்றல்ல. அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறதா, சுமை கொடுத்தால் வலிக்கிறதா, எக்ஸ்ரேயில் இணைப்பு தெரிகிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். இதில் நம்மை ஏமாற்றுவது உடற்தகுதிதான். வருடக்கணக்கில் ஓட்டியவருக்கு நுரையீரலும் தொடைகளும் எலும்புக்கு முன்பே தயாராகிவிடுகின்றன. கால்கள் "போகலாம்" என்று சொல்வதால் எலும்பும் அதையே சொல்கிறது என்று ஆகாது.

தொழில்முறை வீரர்களைப் பார்த்து நாள் குறிப்பது

டென்மார்க் சைக்கிள் பந்தய வீரர் யோனாஸ் விங்கெகார்ட் 2024 ஏப்ரலில் ஒரு பந்தயத்தில் விழுந்து காறை எலும்பையும் விலா எலும்புகளையும் முறித்துக்கொண்டார். நுரையீரலிலும் அடிபட்டது. அதே ஆண்டு ஜூலையில், மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இரண்டாம் இடம். இந்தக் கதையைப் படித்துவிட்டு "மூன்று மாதம் போதும்" என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அவரைச் சுற்றி மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் கொண்ட ஒரு குழுவே இருக்கிறது. தேறி வருவதுதான் அந்த மாதங்களில் அவருக்கு முழுநேர வேலை.

பெல்ஜிய வீரர் ரெம்கோ எவெனபூலை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. எனக்கு அவர் கதைதான் முக்கியமாகப் படுகிறது. 2020 ஆகஸ்டில் இத்தாலியின் இல் லொம்பார்டியா பந்தயத்தில் பாலத்திலிருந்து கீழே விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மீண்டும் பயிற்சி தொடங்கியவர், 2021 ஜனவரியில் எலும்பு இன்னும் சரியாகக் கூடவில்லை என்று தெரிந்து பயிற்சியை நிறுத்த வேண்டியிருந்தது. பந்தயத்துக்குத் திரும்பியது மே மாதம் ஜீரோ டி இத்தாலியா பந்தயத்தில்தான். அடுத்த ஆண்டே ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தையும் உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்றார். அவ்வளவு வசதியும் இருபது வயது உடலும் இருந்தவருக்கே எலும்பு தன் நேரத்தை எடுத்துக்கொண்டது. காத்திருந்ததால் அவர் எதையும் இழந்துவிடவும் இல்லை.

தகடு வைத்திருக்கிறோமே என்ற தைரியம்

அறுவை சிகிச்சை செய்து தகடும் திருகாணியும் வைத்தவர்களுக்கு இந்தத் தைரியம் சீக்கிரம் வந்துவிடுகிறது. தகடு, செடிக்குப் பக்கத்தில் நட்ட கொம்பு போன்றது. சாயாமல் பிடித்துக்கொள்ளும், ஆனால் வளர வேண்டியது செடிதான். முறிந்த துண்டுகளை நேராக நிறுத்துவதால் கைகால்களை முன்னதாக அசைக்க முடிகிறது என்பது பெரிய நன்மை. எலும்பு கூடும் வேகத்தை அது கூட்டுவதில்லை. எலும்பு கூடாத நிலையில் திரும்பத் திரும்பச் சுமை விழுந்தால் உலோகமே சோர்ந்து உடையும், அல்லது திருகாணி தளரும். அப்படி ஆனால் இரண்டாவது அறுவை சிகிச்சைதான்.

பலர் யோசிக்காத இன்னொன்று: பின்னாளில் தகட்டை எடுத்தால், திருகாணி இருந்த துளைகள் நிரம்பும்வரை அந்த எலும்பு வலுக்குறைந்தே இருக்கும். தகடு எடுத்தபின் எத்தனை நாள் சாலையில் ஓட்டக்கூடாது என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காறை எலும்பில் தகடு இருப்பவர்களுக்கு முதுகுப்பையின் வார் அதன்மேல் உறுத்தும். சாமான்களை சைக்கிள் கேரியருக்கு மாற்றிவிடுவது நல்லது.

முறிந்தது கைதானே, மிதிப்பது காலால்தானே

சைக்கிளில் கைக்கு வேலையில்லை என்று நினைப்பவர்கள், குனிந்து ஓட்டும்போது உடல் எடையில் கணிசமான பங்கு ஹேண்டில்பாரில்தான் இறங்குகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். சாலையின் ஒவ்வொரு அதிர்வும் மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு என்று ஏறிவருகிறது. இதற்கும் மேலே பிரேக். அவசரத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது உடல் முன்னால் தள்ளப்படுகிறது, அந்த விசை முழுவதையும் கைகள்தான் வாங்குகின்றன. அந்தக் கையால் பிரேக்கை முழு வலுவோடு, வலியில்லாமல் பிடிக்க முடியாதவரை சாலைக்குப் போகக்கூடாது. உங்கள் சைக்கிளில் முன் பிரேக் எந்தக் கைக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

கையூன்றி விழுந்தவர்கள் ஒரு சிறிய எலும்பை மறக்கக்கூடாது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் உள்ள ஸ்கேஃபாய்டு. இது முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். கட்டைவிரலை விரிக்கும்போது அதன் அடியில் தோன்றும் குழியில் தொட்டால் வலித்தால், "வெறும் சுளுக்கு" என்று விட்டுவிடாமல் மறுபடி காட்ட வேண்டும். இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகலாம், ஒரு பகுதி செத்தும் போகலாம்.

கையில் முறிவு இருப்பவர்களுக்கு அறைக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளை அசையாமல் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கியில்) நிமிர்ந்து உட்கார்ந்து, அடிபட்ட கையைத் தூளியில் வைத்தபடியே மிதிக்க மருத்துவர் ஓரளவு சீக்கிரம் அனுமதிப்பதுண்டு. ஆனால் வியர்வை வழிய ஓட்டக் கூடாது. கட்டுக்குள் வியர்வை தேங்கினால் தோல் புண்ணாகும். ஆறாத தையலுக்கும் ஆகாது. மின்விசிறியைப் போட்டுக்கொண்டு லேசாகச் சுழற்றினால் போதும்.

காலில் முறிவு: இறங்கும் நொடியை மறப்பது

காலில் முறிந்தவர்களுக்கு மருத்துவர் "ஊன்றவே கூடாது", "பாதி எடை ஊன்றலாம்", "முழுதாக ஊன்றலாம்" என்று படிப்படியாக அனுமதி தருவார். சீட்டில் உட்கார்ந்து மிதிக்கும்போது எடையைப் பெரும்பாலும் சீட் தாங்குவதால், முழுதாக ஊன்றும் முன்பே நிலையான சைக்கிளுக்கு அனுமதி கிடைப்பதுண்டு. இதை நம்பிச் சாலைக்குப் போனால் சிக்னலில் காலை ஊன்ற வேண்டும். திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்தால் எந்தக் கால் முதலில் தரையைத் தொடும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஒரு நொடியில் முழு உடல் எடையும், கூடவே வேகமும், அந்தக் காலில் இறங்கும்.

பெடல் ஒரு முழுச் சுற்று சுற்ற முழங்கால் சுமார் 110 டிகிரி மடங்க வேண்டும். நாள்பட்ட கட்டுக்குப் பின் அவ்வளவு மடங்காது. வலுக்கட்டாயமாகச் சுற்றவைப்பது தவறு. சீட்டைச் சற்று உயர்த்தினால் தேவையான மடிப்பு குறையும். அதற்கும் வராவிட்டால் பெடலை முன்னும் பின்னும் பாதிச் சுற்றாக ஆட்டிக்கொண்டிருங்கள். நாளடைவில் முழுச் சுற்று தானே வரும். மடிப்பு திரும்பியபின் சீட்டைப் பழைய உயரத்துக்கு இறக்கிவிடுங்கள்.

ஷூவைப் பெடலில் மாட்டிக்கொள்ளும் வகை பெடல் இப்போதைக்கு வேண்டாம். கழற்றும்போது குதிகாலை வெளிப்புறம் திருக வேண்டியிருக்கிறது. கூடிவரும் எலும்புக்கு முறுக்கு விசை நல்லதல்ல. தட்டையான பெடல் போதும். நல்ல கால் எல்லா வேலையையும் எடுத்துக்கொள்வதும் நடக்கும். மாவுக்கட்டுக்குள் இருந்த கால் மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அதற்கென்று தனியாக வலுப்பயிற்சி செய்யாமல் சைக்கிளாலேயே சரியாகிவிடும் என்று விட்டால், அந்த ஏற்றத்தாழ்வு நெடுநாள் நிற்கும்.

காலில் கட்டுடன் அசையாமல் இருக்கும் வாரங்களில் ஓர் எச்சரிக்கை. கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் வந்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போய் விரல்கள் மரத்தாலும் அப்படித்தான்.

எடை கூடிவிடுமே என்று சாப்பாட்டைக் குறைப்பது

ஓட்டமில்லாத வாரங்களில் எடை ஏறிவிடும் என்ற பயத்தில் பலர் இதைச் செய்கிறார்கள். எலும்பு கூடும் காலம் உடல் கட்டுமான வேலை செய்யும் காலம். புரதமும் போதிய கலோரியும் இப்போதுதான் வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் பொதுப் பரிந்துரை. வைட்டமின் டி குறைவா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும். புகைப்பவர்கள் இந்த மாதங்களிலாவது நிறுத்த வேண்டும். அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம். வலியை மறைத்துக்கொண்டு ஓட்டுவதற்காகப் போடுவது அதைவிட மோசம். "போதும்" என்று சொல்லும் ஒரே குரலை அது அடக்கிவிடுகிறது.

சைக்கிள் பிரியர்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. சைக்கிள் இதயத்துக்கு நல்லது, மூட்டுக்கு இதமானது, ஆனால் எலும்பை வளர்ப்பதில்லை. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதினார். சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சுமை எலும்புக்குக் கிடைப்பதில்லை. சைக்கிள் மட்டுமே ஓட்டுபவர்களின் முதுகெலும்பில் அடர்த்தி குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அனுமதி கிடைத்ததும் நடையையும் எடைதூக்கும் பயிற்சியையும் வாரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டியவர், நின்ற இடத்திலிருந்து சாதாரணமாக விழுந்ததிலேயே எலும்பு முறிந்திருந்தால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

விட்ட இடத்திலிருந்து தொடங்குவது

ட்ரெய்னரில் முதல் நாள் பத்து, பதினைந்து நிமிடம், இலகுவான கியரில், மூச்சு வாங்காமல். ஓட்டும்போது எப்படி இருந்தது என்பதைவிட மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வலியோ வீக்கமோ கூடியிருந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். கூட்டுவதென்றால் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது கடினத்தைக் கூட்டுங்கள். ஒரே வாரத்தில் இரண்டும் வேண்டாம். எழுந்து நின்று மிதிப்பது கடைசியில்.

சாலைக்கு இறங்கும்முன் சைக்கிளையும் பாருங்கள். விழும்போது தலையில் இருந்த ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும். உள்ளிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மறுமுறை காப்பாற்றாது. கார்பன் ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில்பார் எதுவானாலும் தெரிந்தவரிடம் கொடுத்துச் சோதிக்கவேண்டும். கார்பனில் உள்விரிசல் வெளியே தெரியாது.

முதல் சில ஓட்டங்களைக் குழுவோடு வைத்துக்கொள்ளாதீர்கள். நண்பர்கள் நல்லவர்கள்தான், ஆனால் குழுவில் வேகத்தையும் இடைவெளியையும் நீங்கள் தீர்மானிப்பதில்லை. முன்னால் ஒருவர் தடுமாறினால் பின்னால் வருபவரும் விழுவார். காய்ந்த சாலை, நல்ல வெளிச்சம், வண்டிகள் குறைந்த நேரம், பழகிய வழி, முடிந்தால் அகலமான டயரில் சற்றுக் குறைந்த காற்று. வளைவுகளில் பயம் வந்தால் அது இயல்பு. வேகத்தைக் குறைத்து, திரும்பும் பக்கத்துப் பெடலை மேலே வைத்து, வளைவு முடியும் இடத்தைப் பார்த்து ஓட்டுங்கள். வீட்டிலிருந்து வெகுதூரம் போகாமல், வலித்தால் அரைமணி நேரத்துக்குள் திரும்பிவிடக்கூடிய சுற்றாகவே முதல் சில வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.