டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்த பையன் போவானா, திரும்புவானா? கண்டுபிடிக்கும் வழி

ஒவ்வொரு ஏப்ரலும் இதே கதைதான். மார்ச் முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரு அமெரிக்கக் கல்லூரி அணியின் பாஸ்கெட்பாலைப் பார்த்திருப்போம், அதில் ஒரு பையனை நமக்கு ரொம்பப் பிடித்துப்போயிருக்கும், அடுத்த வருடமும் இவன் இருந்தால் கோப்பை நமக்குத்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்டாகிராமில் ஒரு படம் வந்து விழும். கடவுளுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, பயிற்சியாளருக்கு நன்றி, என்பிஏ டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கிறேன். அதாவது, அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு. கீழே ஒரே ஒப்பாரி.

கொஞ்சம் பொறுங்கள். பெயர் கொடுப்பது வேறு, போவது வேறு. எவன் நிஜமாகவே கிளம்புகிறான், எவன் சும்மா ஆழம் பார்க்கிறான் என்பதை மே மாதக் கடைசிக்குள் ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். பல வருடம் தப்பாகச் சொல்லிச் சொல்லித்தான் நானே கற்றுக்கொண்டேன்.

முதல் வேலை, அந்த அறிக்கையின் கடைசி இரண்டு வரியைப் படிப்பது. நன்றிப் பட்டியலைத் தாண்டி வாருங்கள். கல்லூரியில் ஆடும் தகுதியை வைத்துக்கொண்டே பெயர் கொடுக்கிறேன் என்று இருந்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மீதமுள்ள தகுதியை விட்டுவிட்டுப் போகிறேன் என்று இருந்தால் பெட்டி கட்டியாகிவிட்டது. ஏஜென்ட் வைத்துவிட்டானே, இனி வரமாட்டான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். ஒரு காலத்தில் அது உண்மை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் கொண்டலீசா ரைஸ் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2018 ஆகஸ்டில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ விதியைத் தளர்த்தியது. இப்போது அங்கீகாரம் பெற்ற ஏஜென்டை வைத்துக்கொண்டு ஆழம் பார்க்கலாம், கல்லூரிக்குத் திரும்புவதாக இருந்தால் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ராண்டால்ஃப் மாரிஸ் கதை ஒன்று போதும். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் ஆடிவிட்டு 2005 டிராஃப்டுக்குப் போனார், யாருமே எடுக்கவில்லை. திரும்பி வந்தவரை என்சிஏஏ 14 ஆட்டங்களுக்கு உட்கார வைத்தது. வேடிக்கை என்னவென்றால், ஒருமுறை டிராஃப்டில் விலைபோகாதவர் என்பதால் என்பிஏ கணக்கில் அவர் எந்த அணியும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆள். 2007 மார்ச்சில் கென்டக்கி கல்லூரிக் கோப்பைப் போட்டியிலிருந்து வெளியேறிய சில நாட்களிலேயே நியூயார்க் நிக்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டார். டிராஃப்ட் இல்லை, மேடை இல்லை, கைகுலுக்கல் இல்லை.

சரி, யாரெல்லாம் முன்கூட்டியே போக முடியும்? ஆரம்பத்தில் பள்ளி முடித்து நான்கு வருடம் ஆகாமல் யாரும் என்பிஏவுக்குள் வர முடியாது. ஸ்பென்சர் ஹேவுட் வழக்குப் போட்டு 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் அந்தச் சுவர் இடிந்தது. பிறகு கெவின் கார்னெட், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் என்று பள்ளியிலிருந்தே நேராகக் குதித்தார்கள். என்பிஏவும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2005 ஒப்பந்தம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிரம்ப வேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் அவன் பள்ளி வகுப்பு முடிந்து ஒரு என்பிஏ சீசனாவது கடந்திருக்க வேண்டும். ஒரு வருடம் கல்லூரியில் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்புவது அப்படி வந்ததுதான். விதியில் "ஆண்டுக்குள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கூப்பர் ஃபிளாக் பிறந்தது 2006 டிசம்பர் 21. டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் ஆடி, 2025 ஜூனில் டல்லஸ் முதல் ஆளாக எடுத்தபோது அவனுக்கு 18 வயதுதான்.

அடுத்தது தேதிகள். மூன்று தேதியை மட்டும் காலண்டரில் குறித்துக்கொண்டால் போதும், 2025இல் அவை ஏப்ரல் 26, மே 28, ஜூன் 15. முதலாவது பெயர் கொடுக்கக் கடைசி நாள். இரண்டாவதுதான் நமக்கு முக்கியம்: என்சிஏஏ விதிப்படி கல்லூரிக்குத் திரும்ப நினைப்பவன் அதற்குள் பெயரை வாபஸ் வாங்கிவிட வேண்டும். மூன்றாவது என்பிஏவின் சொந்தக் கடைசி நாள், அது பெரும்பாலும் ஐரோப்பாவிலும் மற்ற நாடுகளிலும் ஆடும் பையன்களுக்குத்தான் உதவும், கல்லூரிப் பையன் அந்த நாளில் வாபஸ் வாங்கினால் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்பான். இரண்டாவது தேதிக்கு முந்தின ராத்திரி வரை முடிவை இழுத்தடிப்பவர்கள் நிறைய. அன்றைக்கு மட்டும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுங்கள்.

இனிதான் விஷயமே. இந்தப் பையன் எவ்வளவு பாயின்ட் அடித்தான் என்று பார்க்காதீர்கள், எத்தனையாவது ஆளாகப் போவான் என்று பாருங்கள். ஏனென்றால் டிராஃப்டில் 30ஆவது இடத்துக்கும் 31ஆவது இடத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் சுற்றில் 30 பேர், அவர்களுக்கு இடத்துக்குத் தகுந்த சம்பள அட்டவணை உண்டு, முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி, மூன்றாவது நான்காவது வருடம் அணியின் விருப்பம். 2025 அட்டவணைப்படி முதல் இடத்துக்கு முதல் வருடம் சுமார் 1.38 கோடி டாலர், 30ஆவது இடத்துக்குச் சுமார் 27 லட்சம். 31இலிருந்து அட்டவணையே கிடையாது. நல்ல ஏஜென்ட் இருந்தால் நல்ல ஒப்பந்தம் வரும், இல்லையென்றால் டூ-வே ஒப்பந்தம், அதாவது கொஞ்ச நாள் என்பிஏ, மீதி நாள் என்பிஏவுக்குக் கீழே உள்ள ஜி லீக், 2025-26 சீசனில் சம்பளம் சுமார் 6.36 லட்சம் டாலர், 50 என்பிஏ ஆட்டங்களுக்கு மேல் பட்டியலில் இடமும் இல்லை. அதற்கும் கீழே எக்ஸிபிட் 10 என்று ஒன்று, பயிற்சி முகாமுக்கு வா, பார்க்கலாம் என்று அர்த்தம்.

ஆக, எல்லோரும் ஒருவனை முதல் 20க்குள் வைத்திருந்தால் அவன் போவான், விவாதமே வேண்டாம். 45ஐத் தாண்டி இருந்தால் பெரும்பாலும் திரும்புவான். நம் மண்டையைக் குடைவது 22லிருந்து 40 வரை இருப்பவர்கள்தான். கணிப்புப் பட்டியல் போடுகிற தளங்களில் ஒன்றை மட்டும் பார்க்காமல் மூன்று நான்கைச் சேர்த்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் நம்பலாம், ஒன்றில் 19, இன்னொன்றில் 47 என்று இருந்தால் அந்தப் பையனுக்கே தெரியவில்லை என்று பொருள். அவனுக்கு நம்மிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. என்பிஏ நிர்வாகிகள் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று, கேட்டுக்கொண்டால் அவன் எந்த இடவாக்கில் போவான் என்று அவனிடமே சொல்லும்.

மே நடுவில் சிகாகோவில் கம்பைன், அதாவது என்பிஏ அணிகள் பார்க்க நடக்கும் அளவெடுப்பும் சோதனை ஆட்டங்களும். அழைப்பு வந்ததா என்பதே பெரிய அடையாளம், வராதவன் திரும்புவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அங்கே ஷூவைக் கழற்றிவிட்டு உயரம் அளப்பார்கள், கல்லூரி இணையப்பக்கத்தில் போட்ட இரண்டு அங்குலம் அங்கே காணாமல் போகும். கை விரித்த நீளம் உயரத்தைவிட அதிகமாக வந்தால் பையன் மேலே ஏறுவான். மற்ற எண்களை வைத்து ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம்: டெக்சாஸில் ஒரே வருடம் ஆடிவிட்டு வந்த கெவின் டுரான்ட் 2007இல் 185 பவுண்டு பாரத்தை பெஞ்சில் படுத்து ஒரு தடவைகூடத் தூக்க முடியாமல் விழித்தார், இரண்டாவது ஆளாகப் போனார், அப்புறம் பெரிய நட்சத்திரமே ஆனார். உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. அளவெடுத்தலுக்கும் பேட்டிக்கும் மட்டும் வந்துவிட்டு ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் இறங்காதவன் தன் இடத்தை நம்புகிறான். திடீரென்று அணிகளிடம் தனிப் பயிற்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டான் என்றால் ஏதோ ஒரு அணி உன்னை நாங்கள் எடுக்கிறோம் என்று காதில் சொல்லியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

பழைய கணக்கைப் புரட்டிப்போட்டது 2021 ஜூலை 1. அன்றிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயர், படம், புகழை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தால் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆனது, முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர். முன்பு கல்லூரியில் இருந்தால் கையில் காசு இல்லை, அதனால் 50ஆவது இடம் என்றாலும் குதித்தார்கள். இப்போது 35ஆவது இடத்துக்காக அலைவதைவிடப் பெரிய கல்லூரி ஒன்றில் இன்னொரு வருடம் ஆடினால் கூடுதலாக வரும். எண்ணிக்கையே சொல்லும்: 2021இல் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், கொரோனாவால் கிடைத்த கூடுதல் வருடமும் அதற்கு ஒரு காரணம். 2024இல் 195. 2025இல் 106. அந்த வருடம் யாக்செல் லெண்டபோர்க் என்ற கல்லூரி ஆட்டக்காரர் கம்பைனில் ஆடி, முதல் சுற்றில் போகலாம் என்ற பேச்சும் இருந்த நிலையில், வாபஸ் வாங்கிக்கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்குப் போனார். பத்து வருடம் முன்பு இதைச் செய்திருந்தால் பைத்தியம் என்றிருப்போம். அதனால் ஒருவன் திரும்புகிறான் என்றால் பயந்துவிட்டான் என்று எழுதாதீர்கள், சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். அதே பழைய கல்லூரிக்கே வருவான் என்றும் நினைக்க வேண்டாம், டிராஃப்ட், டிரான்ஸ்ஃபர் (வேறு கல்லூரிக்கு மாறுவது) இரண்டிலும் ஒரே நேரத்தில் பெயர் கொடுத்திருக்கிறானா என்று பாருங்கள்.

வயதையும் கணக்கில் எடுங்கள். 22 வயதுப் பையன் இன்னும் வளருவான் என்று அணிகள் நம்புவது குறைவு, 19 வயதுப் பையன் ஒன்றுமே செய்யாவிட்டாலும் நம்புவார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஜேலன் பிரன்சன் வில்லனோவாவில் மூன்று வருடம் இருந்து, இரண்டு கோப்பை வாங்கி, பட்டத்தையும் முடித்துவிட்டு வந்தார், 2018இல் 33ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். எடுக்காமல் விட்டவர்கள் இன்றைக்கும் தலையில் கைவைத்துக்கொண்டிருப்பார்கள்.

படிப்பு என்னாகும் என்று கேட்பவர்களுக்கு: முன்னால் போனவர்களில் திரும்பி வந்து முடித்தவர்கள் உண்டு. ஷகீல் ஓ'நீல் 1992இல் போனவர் 2000இல் முடித்தார், ஸ்டெஃபன் கரி 2009இல் போனவர் 2022இல். வின்ஸ் கார்ட்டர் 2001 மே மாதம் காலையில் வட கரோலினா பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் உட்கார்ந்துவிட்டு அன்றைக்கே பிலடெல்பியாவில் நாக்அவுட் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் இறங்கினார், கடைசி ஷாட்டை அவர் தவறவிட, அவருடைய டொரான்டோ அணி ஒரு பாயின்டில் தோற்றது. அந்தப் பட்டத்தை வைத்து அவரை இன்னும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் திட்டமாட்டேன்.

ஜூன் கடைசியில் டிராஃப்ட், முதல் சுற்று நம்மூர் நேரத்துக்குப் பெரும்பாலும் விடியற்காலை 5:30. கடைசிப் பெயரை வாசித்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள், யாரும் எடுக்காத பையன்களை அணிகள் போனில் பிடிப்பது அப்போதுதான். சிம் புல்லரை நினைவிருக்கிறதா, பஞ்சாபிக் குடும்பத்தில் கனடாவில் பிறந்த ஏழடி ஐந்தங்குலம்? நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இரண்டு வருடம் ஆடிவிட்டு 2014இல் கிளம்பினார், 60 பெயரில் அவர் பெயர் இல்லை. சிறு லீகில் ரீனோ அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ பத்து நாள் ஒப்பந்தத்தில் கூப்பிட்டது. மூன்று ஆட்டங்கள் ஆடினார், இந்திய வம்சாவளியிலிருந்து என்பிஏ ஆடுகளத்தில் இறங்கிய முதல் ஆள் அவர்தான்.