ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி இரண்டு ரவுட்டர்களைப் பையில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரியில் என் கடைக்கு வந்தார். "அண்ணா, ஒண்ணுல ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற மாட்டேங்குது, இன்னொண்ணுல ஏறியும் நெட் வரல, பாருங்க" என்றார். ரவுட்டரில் கம்பெனி சிஸ்டத்துக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டம்தான் ஓப்பன்டபிள்யூஆர்டி. முதலாவதைத் திருப்பி அடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. ஏழெட்டு வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

பாஸ்வேர்டை மாற்றுங்கள், பேக்கப் எடுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

அந்த வருடம் மாம்பழ சீசனுக்கு முன்னால், ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் எடைமேடைக்கும் அலுவலகத்துக்கும் வைஃபை கொடுக்கும் வேலை வந்தது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரே மாடலில் ஆறு பழைய ரவுட்டர்கள் வாங்கினேன். அதே மாடல் என் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தைரியம். வந்து பார்த்தால் இரண்டுதான் என் வீட்டில் இருந்த வெர்ஷன். மற்ற நான்கும் அதற்கு அடுத்தது. புதுசுதானே, இன்னும் நல்லது என்று நினைத்தேன்.

அந்த நான்கிலும் ஃபிளாஷும் (சிஸ்டம் உட்காரும் சேமிப்பிடம்) ராமும் (ஓடும்போது பயன்படும் நினைவகம்) பாதிதான். எப்படியோ சிஸ்டத்தை ஏற்றினேன். தேவையான பேக்கேஜ்களை, அதாவது கூடுதல் மென்பொருள்களைப் போட இடமில்லை. சீசன் சூடு பிடித்து ஆட்கள் கூடியதும் ராம் தீர்ந்து தானாகவே ரீபூட் ஆகும். எடைமேடையில் பில் வராமல், காய் ஏற்றிய லாரிகள் வெயிலில் நிற்கும். பதினொரு நாள் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, கடைசியில் கைக்காசு போட்டு வேறு நான்கு வாங்கி மாட்டினேன்.

இது எங்கோ ஒரு மாடலில் மட்டும் நடப்பதில்லை. டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் பாருங்கள்: 13ஆவது வெர்ஷனில் 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ராம். அதற்குப் பின் வந்த 14இல் 4 எம்பி, 32 எம்பி. பெயர் ஒன்றுதான். அந்தச் சின்ன அளவுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி தந்த கடைசி வரிசை 19.07; அதுவும் 2022-உடன் நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் இனி வராது.

இன்னும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதைத் தவிர்க்க இரண்டு நிமிடம் போதும். காசு கொடுக்கும் முன் ஸ்டிக்கரில் மாடல் பெயரோடு 'வெர்' என்று இருக்கும் எண்ணையும் பார்த்து, ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தில் உள்ள வன்பொருள் அட்டவணையில் தேடுங்கள். 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராமுக்குக் குறைவானதை நான் இப்போது தொடுவதில்லை. ஆன்லைனில் வாங்கினால் ஸ்டிக்கர் படம் கேளுங்கள். விளம்பரப் படத்தை நம்பாதீர்கள். சிப்பையும் பாருங்கள். பிராட்காம் என்றால் வைஃபை டிரைவர் பெரும்பாலும் தொல்லை. மீடியாடெக் என்றால் நிம்மதி.

பழைய கணினியில் ஓபிஎன்சென்ஸ்

கணினியையே ரவுட்டராக மாற்றும் நல்ல சிஸ்டம், ஆனால் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் அடிப்படையில் வந்தது. 64 பிட் கணினி வேண்டும், இரண்டு லேன் போர்ட் வேண்டும். அதிலேயே வைஃபையும் எதிர்பார்க்காதீர்கள். வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் தனியாக வையுங்கள். பாலக்கோட்டில் ஒருவர் வீட்டுக்கு இதைப் போட்டு, கரண்ட் பில்லைப் பார்த்து ஒரே மாதத்தில் கழற்றிவிட்டார்.

ஃபேக்டரியா, சிஸ்அப்கிரேடா

ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தில் இந்த இரண்டு பெயரிலும் கோப்புகள் இருக்கும். கம்பெனி சிஸ்டத்திலிருந்து முதல் முறை மாறும்போது ஃபேக்டரி. ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி இருந்தால் சிஸ்அப்கிரேட்.

யுபிஎஸ் இல்லாமல் ஃபிளாஷ் செய்வது

வேண்டாம். புது சிஸ்டத்தை எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் ரவுட்டர் எழாமல் போகலாம்.

ஃபைபர் பெட்டியைத் தொடுவது

ஆபரேட்டர் கொடுத்த பெட்டியில் கை வைக்காதீர்கள்; உங்கள் ரவுட்டரை அதற்குப் பின்னால் மாட்டுங்கள். ஆனால் அந்தப் பெட்டியின் முகவரியும் 192.168.1.1, ஓப்பன்டபிள்யூஆர்டியின் முகவரியும் 192.168.1.1 என்றால் நெட் வராது. அந்தத் தம்பியின் மற்றொரு ரவுட்டரில் சிக்கல் இதுதான். லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றினோம், அப்புறம் ஓடியது.