டிசைன் போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு சாக்லேட் பெட்டி போதும்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருந்துகொண்டு கோவை, பெங்களூரு டிசைன் வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறவர்களில் பலர், பிரபலமான சாப்பாட்டு ஆப் ஒன்றை எடுத்து, நிறத்தை மாற்றி, ரீடிசைன் என்று பெயர் வைத்து, போர்ட்ஃபோலியோவில், அதாவது தாங்கள் செய்த வேலைகளின் தொகுப்பில், சேர்த்து அனுப்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த பட்டன் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் சொல்ல முடியாது.

உங்கள் கடைவீதியிலேயே வேலை கிடக்கிறது. வர்க்கி போடும் பேக்கரி, ஹோம்மேட் சாக்லேட் கடை, சொந்தமாக டீத்தூள் பாக்கெட் போடுகிற சிறு விவசாயி என்று யாரிடமாவது போய், "அண்ணா, உங்க பெட்டியை நான் புதுசா டிசைன் பண்ணித் தரட்டுமா?" என்று கேளுங்கள். கொஞ்சமாவது காசு வாங்குங்கள். காசு கொடுத்தவர்தான் மனசுவிட்டுக் குறை சொல்வார், அந்தக் குறைகள்தான் உங்களுக்குச் சரக்கு.

சாக்லேட் பெட்டி என்றால் சும்மா இல்லை. கடைப் பெயர், சேர்மானப் பட்டியல், நிகர எடை, எம்ஆர்பி, தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண், சைவத்துக்கான பச்சைக் குறி எல்லாம் அந்தச் சின்ன இடத்தில் உட்கார வேண்டும். எதை எங்கே வைத்தீர்கள், எந்த வரைவைக் கடைக்காரர் தள்ளினார், ஏன் தள்ளினார், அப்புறம் என்ன மாற்றினீர்கள் என்பதை வரைவுகளோடு காட்டுங்கள். முடிந்த படத்தை மட்டும் ஒட்டினால் நீங்கள் யோசித்தது எதுவும் தெரியாது.

தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கையாண்டால் கூட்டத்தில் தனியாகத் தெரிவீர்கள். கொக்கிகள் மேலேயும் கீழேயும் போவதால் ஆங்கிலத்துக்கு விட்ட வரி இடைவெளி தமிழுக்குப் பத்தாது, சொற்களும் நீளம். இரண்டு மொழியையும் ஒரே பெட்டியில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஒரு விஷயம்: நீலகிரி என்றதும் தோடர் பூவேலையின் சிவப்பு கறுப்புக் கோலத்தை அள்ளி ஓரத்தில் ஒட்டாதீர்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது, சாக்லேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அச்சடித்த பெட்டியைப் படம் எடுக்க மூடுபனி நாள் நல்லது, ஜன்னலோரம் வைத்தால் நிழல் கடுமையாக விழாது. திரையில் பளிச்சென்று இருந்த பச்சை காகிதத்தில் மங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

மூன்று நான்கு வேலை போதும், சிறந்தது முதலில். பிடிஎஃப்பைச் சின்னதாக்கி, சாதாரண போனில் மொபைல் டேட்டாவில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.